வயதுக்கு ஏற்ற சேமிப்பு, வீட்டுக்கு ஏற்ற முதலீடு



தோட்டத்தில் மாற்று நடவு நடப்பதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். செம்பனைக் கன்று நட்டு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் குலை தள்ளுகிறது. ரப்பர் கன்று பால் வெட்டும் பருவத்துக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. செம்பனை மரத்துக்கு 25 வயதாகிவிட்டால் உயரம் கூடி, குலை வெட்டுவது கடினமாகிறது, விளைச்சலும் குறைகிறது. ஆகவே தோட்ட நிர்வாகம் எல்லா மரங்களையும் ஒரே ஆண்டில் சாய்ப்பதில்லை. ஒரு பக்கம் கன்று, ஒரு பக்கம் நன்றாகக் காய்க்கும் மரம், ஒரு பக்கம் முதிர்ந்த மரம் என்று வைத்திருக்கிறது. மரத்தின் வயதைப் பார்த்தே அதற்கு எருவும் வேலையும் ஒதுக்கப்படுகின்றன.

இந்தக் கணக்கு நம் பாட்டாளிப் பெருமக்களுக்குக் கைவந்த கணக்கு. ஆனால் சொந்தப் பணத்துக்கு மட்டும் நம்மில் பலர் வயது பார்ப்பதில்லை. இருபது வயதுப் பிள்ளையின் பணமும், அறுபது வயது ஐயாவின் பணமும் ஒரே மாதிரிதான் என்று நினைத்துவிடுகிறோம். அதனால் வரும் துன்பத்தை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் படித்த ஒரு மாணவனின் தாத்தா, பள்ளி முடிந்த நேரத்தில் ஒரு தாளுடன் வந்தார். முப்பது ஆண்டுகள் மரம் வெட்டியவர். ஊழியர் சேமநிதிப் பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. “வாத்தியாரையா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்” என்றார். ஏதோ ஒரு வியாபாரத்தில் பணம் போட்டால் மாதம் நூற்றுக்குப் பத்து வெள்ளி தருவதாகத் தாளில் இருந்தது. நாம் படித்துக் காட்டினோம், பொருளும் சொன்னோம். ஆனால், “ஐயா, இந்தப் பணம் போய்விட்டால் நீங்கள் எதை வைத்துச் சாப்பிடுவீர்கள்?” என்று கேட்கத் தவறிவிட்டோம். நான்கு மாதம் பணம் வந்தது. ஐந்தாம் மாதம் ஆளையும் காணவில்லை, அலுவலகத்தையும் காணவில்லை. அன்று கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் எல்லாரிடமும் கேட்க வந்திருக்கிறோம்.

நேயர்களே, பணத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, இந்தப் பணம் எப்போது தேவைப்படும்? அடுத்த மாதமா, ஐந்து ஆண்டில் மகளின் கல்லூரிக்கா, முப்பது ஆண்டில் நம் முதுமைக்கா? இரண்டாவது, இதில் ஒரு பகுதி குறைந்து போனால் நம்மால் தாங்க முடியுமா?

இந்த இரண்டாவது கேள்விக்குள் இரண்டு பங்கு உண்டு. ஒன்று வீட்டின் தாங்கும் சக்தி. மற்றொன்று மனத்தின் தாங்கும் சக்தி. சிலருக்கு மனத்துணிச்சல் மிகுதி, ஆனால் வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். அவருடைய துணிச்சலை நம்பிப் பணத்தை ஆபத்தில் விட முடியாது. வேறு சிலருக்கு வசதி உண்டு. ஆனால் நூறு வெள்ளி குறைந்தாலும் இரவெல்லாம் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர் விலை சரியும் நாளில் பயந்துபோய் நட்டத்துக்கு விற்றுவிடுவார். இரண்டு சக்திகளில் எது குறைவோ, அதையே அளவாகக் கொள்ள வேண்டும்.

இனி, பணம் வைக்கும் இடங்களைப் பார்ப்போம். வங்கிச் சேமிப்பும் நிரந்தர வைப்பும் பாதுகாப்பானவை, வளர்ச்சி மெதுவானது. மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தில் உறுப்பியம் பெற்ற ஒவ்வொரு வங்கியிலும், ஒருவருடைய வைப்புக்கு 250,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடாவது ஈவு உண்டு என்பது சட்டத்தின் உறுதி. 2023ஆம் ஆண்டுக்கு 5.5 விழுக்காடும், 2024ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடும் கிடைத்தன. அமானா சஹாம் மலேசியா போன்ற நிலை விலை அறக்கட்டளைகளில் ஒரு யூனிட்டின் விலை ஒரு வெள்ளியாகவே நிற்கும். ஆண்டு ஈவு மட்டும் கூடும், குறையும். பங்குகளும், பங்குகளில் முதலீடு செய்யும் மற்ற யூனிட் அறக்கட்டளைகளும் விலை ஏறி இறங்குபவை.

எந்த அளவுக்கு இறங்கும் என்று கேட்பீர்கள். 1997ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூர் பங்குச் சந்தையின் குறியீடு 1,271 புள்ளிகளைத் தொட்டது. 1998 செப்டம்பர் முதல் தேதி அது 262 புள்ளிகளுக்கு விழுந்தது. நூறு வெள்ளி ஏறக்குறைய இருபத்தொரு வெள்ளியானது போலத்தான். பழைய உயரத்தை மறுபடி எட்ட 2007 வரை, அதாவது ஏறக்குறைய பத்து ஆண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று 25 வயதாக இருந்தவருக்குப் பத்து ஆண்டு காத்திருக்க முடியும். மலிவான விலையில் மேலும் வாங்கவும் முடியும். அன்று 58 வயதாக இருந்தவருக்கு அந்தப் பத்து ஆண்டு அடுப்பெரிய வேண்டிய பத்து ஆண்டு. விழுந்தது ஒரே சந்தை. பட்ட அடி ஒன்றல்ல.

முதலீடு என்று பேசுமுன் இரண்டு வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். முதலாவது கடன். அடகுக் கடைக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு வெள்ளி வட்டி கட்டுகிறோம் என்றால், ஆண்டுக்கு அது 24 வெள்ளி. எந்த நேர்மையான சேமிப்பும் ஆண்டுக்கு 24 வெள்ளி தருவதாக உறுதி சொல்லாது. ஆகவே நகையை மீட்பதே முதல் முதலீடு. இரண்டாவது, ஆபத்துக்கால இருப்பு. மழைக்காலத்தில் வேலை நாள் குறைகிறது. வீட்டில் ஒருவர் நோயில் விழுகிறார். மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருந்தால், அந்த நேரத்தில் வட்டிக்காரரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

இனிப் பருவங்களுக்கு வருவோம்.

முதல் பருவம், வேலைக்குச் சேர்ந்த இளம் பருவம். இவர்களிடம் பணம் குறைவு, காலம் நிறைய. மாதம் 50 வெள்ளி சேர்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 25 வயதில் தொடங்குபவர் 55 வயதில் ஏறக்குறைய 41,600 வெள்ளி வைத்திருப்பார். அவர் கையிலிருந்து போட்டது 18,000 வெள்ளிதான். 40 வயதில் தொடங்குபவருக்கு அதே 50 வெள்ளியில் ஏறக்குறைய 13,360 வெள்ளிதான் சேரும். பாதி காலம் போனது. பலனோ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. விலை இறங்கினாலும் காத்திருக்க முடிந்த இந்தப் பருவத்தில், சேமிப்பில் ஒரு பகுதியைப் பங்கு சார்ந்த அறக்கட்டளைகளில் மாதாமாதம் சிறிது சிறிதாகப் போடலாம்.

இரண்டாம் பருவம், பிள்ளைகள் படிக்கும் பருவம். இங்கே பணத்தைப் பிரித்து வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் பிள்ளைக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தை ஏறி இறங்கும் இடத்தில் வைக்கலாகாது. அது நிரந்தர வைப்பிலோ, நிலை விலை அறக்கட்டளையிலோ இருக்கட்டும். நம் முதுமைக்கான பணம் சேமநிதியில் தொட்டுப் பார்க்காமல் வளரட்டும். மாதம் 1,700 வெள்ளி சம்பளம் வாங்குபவருக்கு அவர் பங்கு 187 வெள்ளி, முதலாளி பங்கு 221 வெள்ளி, ஆக 408 வெள்ளி சேர்கிறது. 2024 மே மாதம் முதல், 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: ஓய்வுக்கால கணக்குக்கு 75 விழுக்காடு, நல்வாழ்வுக் கணக்குக்கு 15 விழுக்காடு, எப்போதும் எடுக்கக்கூடிய கணக்குக்கு 10 விழுக்காடு. எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக யாரும் மழையில் போய் நிற்பதில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குத்தகைக்குப் புல் வெட்டுபவர்கள், பலகாரம் செய்து விற்பவர்கள், தையல் தைப்பவர்கள் ஆகியோருக்கு முதலாளி சேமநிதி கட்டுவதில்லை. அவர்கள் தாமாகவே முன்வந்து ‘ஐ-சாரான்’ திட்டத்தில் சேமிக்கலாம். 2025ஆம் ஆண்டில், போடும் பணத்துக்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் ஊக்கத்தொகை அறிவித்தது.

மூன்றாம் பருவம், ஐம்பதை நெருங்கும் பருவம். இதுவரை ஏறி இறங்கும் இடத்தில் வைத்ததைச் சிறிது சிறிதாகப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும் காலம் இது. தோட்டப் பாட்டாளிக்கு இன்னொரு கவலையும் உண்டு. வேலை முடிந்தால் தோட்ட வீட்டையும் விட்டுப் போக வேண்டி வரலாம். ஆகவே தலைக்கு மேல் ஒரு கூரை என்பது இந்தப் பருவத்தின் முதல் கணக்காக இருக்கட்டும்.

நான்காம் பருவம், ஓய்வு பெற்ற பின். 55 வயதானதும் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்துத்தான் தீர வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டு வைக்கலாம். நூறு வயது வரை ஈவு கிடைக்கும். ஒருவரிடம் 72,000 வெள்ளி இருக்கிறது என்று கொள்வோம். வீட்டில் பெட்டியில் வைத்து மாதம் 400 வெள்ளி எடுத்தால் 15 ஆண்டில் தீர்ந்துவிடும். ஆண்டுக்கு 5 விழுக்காடு கிடைக்கும் இடத்தில் வைத்து அதே 400 வெள்ளி எடுத்தால் 27 ஆண்டுக்கும் மேல் வரும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பேராசை காட்டி வருபவர்கள் பெரும்பாலும் பணம் கைக்கு வந்த முதியவர்களையே தேடி வருகிறார்கள். 1986ஆம் ஆண்டு, பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கிவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளைப் பேங்க் நெகாரா முடக்கியது. பாடுபட்டுச் சேர்த்தவர்கள் பணத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். கூட்டுறவே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அங்கே பணம் நிலமாகக் கண் முன்னே நின்றது. பணம் எங்கே போகிறது, எப்படி வளர்கிறது என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் உரிமம் இல்லாதவர்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிடுகின்றன. படித்த பிள்ளையை விட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்றிரவு ஒரு பழைய பள்ளி நோட்டை எடுங்கள். மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் இந்த ஆண்டு தேவைப்படும் பணம், இரண்டாவதில் பத்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணம், மூன்றாவதில் அதற்கும் பிறகு தேவைப்படும் பணம். வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து எழுதுங்கள். கணவருக்குத் தெரிந்த கணக்கு மனைவிக்கும் தெரியட்டும்.

நாம் சொன்ன அந்தத் தாத்தா, வேலையிலிருந்து ஓய்ந்த பிறகும், அதிகாலையில் அரிவாளோடு புல் வெட்டப் போனார். அவருடைய பேரன் இன்று வேலைக்குப் போகிறான். முதல் சம்பளம் வாங்கியதும் நம்மைத் தேடி வந்து, “சார், தாத்தாவுக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது. எங்கே தொடங்கட்டும்?” என்று கேட்டான். இம்முறை நாம் தாளைப் படித்துக் காட்டவில்லை. அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டோம்.