கதவைத் தட்டும் வழிப்போக்கர்

மெக்சிகோ நாட்டில் ஆண்டுதோறும் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் 'போசாதா' என்னும் பக்தி முயற்சி நடைபெறுகின்றது. போசாதா என்றால் வழிப்போக்கர் தங்கும் சத்திரம் என்று பொருள். மெழுகுதிரி ஏந்திய மக்கள் சூசையப்பர், மரியன்னை சுரூபங்களைச் சுமந்து தெருவழியே பவனியாகச் சென்று, வீடு வீடாகக் கதவைத் தட்டித் தங்க இடம் கேட்டுப் பாடுவர். உள்ளே இருப்போர் இடமில்லை என்று மறுத்துப் பாடுவர். இறுதியில் ஒரு வீட்டின் கதவு திறக்கும். அனைவரும் உள்ளே சென்று செபித்து, உண்டு மகிழ்வர்.

டிசம்பர் மாதத்தில் பாடலாக நடைபெறும் இந்நிகழ்ச்சி, ஆண்டின் மற்ற மாதங்களில் பாடலின்றியே அந்நாட்டில் நடந்து வந்திருக்கின்றது. பல்லாண்டுகளாக உண்மையான வழிப்போக்கர் அங்கே கதவுகளைத் தட்டி வருகின்றனர். பல கதவுகள் மூடியே இருந்தன, சில திறந்தன. திறந்த கதவுகளைப் பற்றியும், அவற்றைத் திறந்து வைத்தோர் கொடுத்த விலையைப் பற்றியும் இக்கட்டுரையில் கூற விழைகின்றோம்.

ஊரும் இல்லை, சேருமிடமும் இல்லை

குடிபெயர்வோரைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் விட்டு வந்த நாட்டையும் சென்று சேரும் நாட்டையும் மட்டுமே நாம் எண்ணுகின்றோம். இடையே கடந்து செல்லும் நாடு ஒன்று உண்டு. அங்கே அவர்களுக்கு உறவினர் இல்லை, வேலை இல்லை, தங்கும் உரிமையும் பெரும்பாலும் இல்லை. துன்பங்களிற் கொடியவை பலவும் அந்த இடைவழியிலேதான் நேருகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்ல விழைவோருக்கு மெக்சிகோ அத்தகைய இடைவழி நாடாகும்.

ஹோண்டுராஸ், எல் சால்வதோர், குவாத்தமாலா ஆகிய மூன்று சிறு நாடுகளிலிருந்தே இவர்களுள் மிகப் பலர் வந்தனர். 1998-இல் வீசிய 'மிட்ச்' சூறாவளியும், 2020 நவம்பரில் இரு வார இடைவெளியில் அடுத்தடுத்து வீசிய இரு சூறாவளிகளும் அங்குள்ள ஏழைகளின் நிலத்தையும் வீட்டையும் அழித்தன. இயற்கை விட்டு வைத்ததை வன்முறைக் கும்பல்கள் பறித்தன. சிறு கடை வைத்திருப்பவனும் பேருந்து ஓட்டுபவனும் கும்பலுக்குக் கப்பம் கட்டவேண்டும். கட்டத் தவறினால் உயிர் மிஞ்சாது. பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவரைக் கும்பலில் சேருமாறு வற்புறுத்துவர். பிள்ளையைக் காப்பதற்காகவே இரவோடு இரவாக ஊரை விட்ட தாய்மார் பலர். பின்னாளில் வெனிசுவேலா, ஹெய்ட்டி, கியூபா மக்களும் பெருந்திரளாக இவ்வழியே வந்தனர். தென் அமெரிக்காவிலிருந்து தாரியென் காட்டைக் கால்நடையாகக் கடந்தோர் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 5,20,000 பேர் ஆவர்.

வழியின் கொடுமை

குவாத்தமாலாவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே சுச்சியாத்தே ஆறு ஓடுகின்றது. லாரிச் சக்கரத்தின் உட்குழாய்கள் மேல் பலகை கட்டிய மிதவைகளில் மக்கள் அதைக் கடப்பர். அதன்பின் வட எல்லை வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் வழியில் குடியேற்ற அதிகாரிகள் பிடித்துக்கொள்வர். ஆதலின் ஏழைகள் சரக்கு இரயிலின் கூரை மேல் ஏறினர். அவ்விரயிலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கொடிய விலங்கு' என்பதாகும். ஓடும் வண்டியில் தாவி ஏறும்போதும், கூரையில் கண்ணயர்ந்தபோதும் தவறி விழுந்து கைகால் இழந்தோர் எத்தனையோ பேர்.

இரயிலினும் கொடியர் மனிதர். வழிப்போக்கனின் சட்டைப்பையில் பணம் இராது. ஆனால் வடக்கே இருக்கும் உறவினரின் தொலைபேசி எண் இருக்கும். அவனைக் கடத்திச் சென்று அடைத்துவைத்து, அந்த எண்ணுக்கு அழைத்துப் பணம் கேட்பதைக் கும்பல்கள் தொழிலாகக் கொண்டன. 2008 செப்டம்பர் முதல் 2009 பிப்ரவரி வரையிலான ஆறு மாதங்களில் 9,758 வழிப்போக்கர் கடத்தப்பட்டதை மெக்சிகோவின் தேசிய மனித உரிமை ஆணையம் அறிக்கையாக வெளியிட்டது. 2010-ஆம் ஆண்டின் ஆறு மாதங்களைப் பற்றிய அடுத்த அறிக்கையில் அத்தொகை 11,333 ஆயிற்று. காவல் நிலையம் சென்றால் நாடு கடத்தப்படுவோம் என்ற அச்சத்தால் முறையிட்டவர் மிகச் சிலரே. கடத்துவோரும் இதை நன்கு அறிந்திருந்தனர்.

2010 ஆகஸ்டு மாதம், தமௌலிப்பாஸ் மாநிலத்துச் சான் பெர்னாந்தோ என்னுமிடத்தில் 58 ஆண்களும் 14 பெண்களுமாக 72 வழிப்போக்கர் ஒரே இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். காயத்தோடு தப்பிய ஈக்வதோர் நாட்டு இளைஞர் ஒருவர் படையினரிடம் சென்று கூறியதாலேயே இப்பாதகம் உலகுக்குத் தெரிந்தது. மாண்டோருள் இந்தியர் ஒருவரும் இருந்தார் என்பது நம் உள்ளத்தைத் தைக்கின்றது.

ஓடும் இரயிலுக்கு ஒரு பொட்டலம்

இத்தகைய பாதையோரத்தில் எழுந்த அன்புப் பணிகளுள் முதலில் எளிய பெண்கள் சிலரின் பணியைக் கூறவேண்டும். வெராக்ரூஸ் மாநிலத்தில், கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த 'லா பத்ரோனா' என்ற சிற்றூரின் ஊடே இருப்புப் பாதை செல்கின்றது. 1995 பிப்ரவரியில் ஒருநாள் காலை, ரொமேரோ குடும்பத்துச் சகோதரியர் இருவர் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு பாதையைக் கடக்க நின்றிருந்தனர். சென்றுகொண்டிருந்த சரக்கு வண்டியின் மேலிருந்தோர், 'அம்மா, பசிக்கிறது' என்று குரலெழுப்பினர். சகோதரியர் கையிலிருந்த ரொட்டியையும் பாலையும் அவர்களை நோக்கி எறிந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினர்.

தாய் லியோனிலா கடிந்துகொள்வார் என்று அவர்கள் அஞ்சியிருக்கலாம். அவரோ பிள்ளைகளைக் கூட்டி, நாளை என்ன சமைக்கலாம் என்று ஆலோசித்தார். மறுநாள் முதல் சோறும் பயறும் சமைத்து, சோள ரொட்டியோடு பைகளில் கட்டி, பாதையோரம் நின்று நீட்டத் தொடங்கினர். வண்டியில் செல்வோர் எந்த நாட்டவர் என்பதுகூட அப்போது அவர்களுக்குத் தெரியாது. பசி என்ற சொல் ஒன்றே போதுமானதாயிருந்தது.

வண்டி நில்லாது. ஆகவே உதவுவதற்கும் ஒரு நுட்பம் வேண்டியதாயிற்று. தண்ணீர்ப் புட்டிகளை இரண்டிரண்டாகக் கயிற்றால் பிணைத்தனர். நீட்டிய கையில் கயிறு மாட்டிக்கொண்டால் புட்டி தவறி விழாது. உணவுப் பைகளின் வாயையும் எளிதில் பற்றும்படி முடிந்தனர். வண்டியின் ஊதொலி கேட்டதும் அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து, தண்டவாளத்துக்கு ஓரடி தள்ளி வரிசையாக நின்று நீட்டினர். கூலி வேலையும் தோட்ட வேலையும் செய்து பிழைக்கும் குடும்பத்துப் பெண்கள் இதைப் பல்லாண்டுகள் இடைவிடாது செய்தனர். 'லாஸ் பத்ரோனாஸ்' என்று அழைக்கப்படும் இவர்களுக்கு 2013-இல் அந்நாட்டின் தேசிய மனித உரிமை விருது வழங்கப்பட்டது. விருது வாங்கிய கைகள் மீண்டும் சோற்றுப் பானைக்கே திரும்பின.

விடுதிகள் எழுந்த வரலாறு

வழிப்போக்கருக்கு உணவுக்கு அடுத்தபடி வேண்டுவது அச்சமின்றி உறங்க ஓரிடம். புனித ஸ்கலபிரினி சபையினர் 1987-ஆம் ஆண்டு வட எல்லை நகரான திஹுவானாவில் வழிப்போக்கர் இல்லம் ஒன்றைத் திறந்தனர். இத்தாலியின் பியாசென்சா ஆயராயிருந்த ஜான் பாப்திஸ்து ஸ்கலபிரினி, குடிபெயர்ந்து சென்ற தம் நாட்டு ஏழைகளுக்காகச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1887-இல், நிறுவிய சபை அது. அவ்வாயர் 2022 அக்டோபர் 9-ஆம் நாள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

தென் எல்லை நகரான தப்பச்சூலாவில் ஒல்கா சாஞ்செஸ் என்ற இல்லத்தரசி, இரயிலில் அடிபட்டுக் கைகால் இழந்தோரை மருத்துவமனையிலிருந்து தம் இல்லத்துக்கு அழைத்து வந்து பேணினார். நாளடைவில் அது 'நல்லாயன் இயேசு' என்னும் விடுதியாக வளர்ந்தது. செயற்கைக் கால் வாங்கப் பணம் திரட்டுவதும் அவருடைய பணியாயிற்று. 2004-இல் தேசிய மனித உரிமை விருது இவருக்குக் கிடைத்தது.

இரயில்கள் மாறும் சந்திப்பான இஸ்தெபெக் ஊரில் அருட்தந்தை அலெஹாந்த்ரோ சொலாலிந்தே 2007-இல் 'வழியில் உடன்பிறப்புகள்' என்ற விடுதியைத் தொடங்கினார். எதிர்ப்பு உள்ளூரிலிருந்தே வந்தது. 2008-இல் ஒரு கூட்டத்தினர் திரண்டு வந்து விடுதியைக் கொளுத்திவிடுவதாக மிரட்டினர். அவர்களும் கோயிலுக்குச் செல்லும் மக்களே என்பதை மறைக்க வேண்டியதில்லை. கும்பல்களின் கொலை மிரட்டலால் 2012-இல் அக்குரு சில வாரங்கள் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. பின் திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார்.

குவாத்தமாலா எல்லையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தெனோசிக்கே நகரில் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் 2011-இல் திறந்த இல்லத்தின் பெயர் 'எழுபத்திரண்டு'. சான் பெர்னாந்தோவில் மாண்டோரின் எண்ணிக்கையையே அவர்கள் வாயிலில் எழுதி வைத்தனர். இறந்தோருக்குச் செய்ய முடியாமற்போனதை இனி வருவோருக்குச் செய்வோம் என்ற உறுதி அப்பெயரில் அடங்கியிருக்கின்றது.

ஒரு விடுதியின் அன்றாடப் பணி

இத்தகைய இல்லத்துக்கு வருபவரின் பெயரையும் ஊரையும் முதலில் பதிவு செய்கின்றனர். இது வெறும் எழுத்துவேலை அன்று. பின்னாளில் ஒரு தாய் மகனைத் தேடி வந்தால், அவன் இன்ன நாள் இங்கே உயிரோடிருந்தான் என்று கூற அந்த ஏடு உதவும். மத்திய அமெரிக்கத் தாய்மார் காணாமற்போன பிள்ளைகளின் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மெக்சிகோ முழுதும் கூட்டமாகத் தேடிச் சென்றது பலமுறை நடந்திருக்கின்றது.

அடுத்து, கொப்புளம் வெடித்த கால்களுக்கு மருந்து; குளிக்கத் தண்ணீர்; மாற்று உடை; வீட்டுக்கு ஒருமுறை தொலைபேசி. பெண்களுக்கும், தனியே வரும் சிறுவருக்கும் தனித் தங்குமிடம் ஒதுக்குவர். வழிப்போக்கர் வேடத்தில் கடத்தல்காரரின் ஒற்றர்கள் நுழைவதுண்டாதலால் இரவும் விழிப்பாயிருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாகச் சட்ட உதவி முக்கியமானது. வழியில் குற்றத்துக்கு இரையானவரோ அதைக் கண்ட சாட்சியோ முறைப்படி புகார் அளித்தால், மனிதாபிமான அடிப்படையில் தங்கும் அனுமதி பெற மெக்சிகோவின் 2011-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வகை செய்கின்றது. அஞ்சி நிற்பவரைக் கையைப் பிடித்து அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டுமே! அப்பணியை இவ்வில்லங்கள் செய்கின்றன. மெக்சிகோவிலேயே புகலிடம் கேட்டோர் 2013-இல் ஏறத்தாழ 1,300 பேர். 2023-இலோ 1,40,000 பேருக்கு மேல். வழிப்போக்கர் பலருக்கு அந்நாடே ஊராகி வருகின்றது என்பதை இது காட்டுகின்றது.

உதவுவது குற்றமா?

'சட்டத்தை மீறி வருவோருக்கு உணவளித்தால் இன்னும் பலர் வருவார்களே' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. ஆனால் ஒரு தட்டுச் சோற்றுக்காக எவரும் பிறந்த ஊரை விட்டு ஈராயிரம் மைல் நடப்பதில்லை. உணவை மறுப்பதால் பயணம் நிற்காது, பயணியே வீழ்வான். 2014-இல் அரசு இரயிலில் ஏறுவதைத் தடுத்தபோது மக்கள் திரும்பிப் போகவில்லை; கொள்ளையர் பதுங்கும் காட்டுப்பாதைகளில் நடக்கத் தலைப்பட்டனர். 2023 மார்ச்சு 27-ஆம் நாள் சியுதாத் ஹுவாரெஸ் நகரின் தடுப்பு நிலையத்தில் தீப்பற்றியபோது, பூட்டிய அறையில் சிக்கி 40 பேர் மாண்டனர். காவல் மட்டும் போதும், கருணை வேண்டா என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

சட்டமும் காலப்போக்கில் இதை உணர்ந்தது. உரிய தாளின்றி நாட்டில் இருப்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகக் கருதும் நிலை 2008-இல் நீங்கியது. ஊதியம் கருதாது மனிதநேயத்தால் உதவுவோரைக் கடத்தல்காரராகக் கருதலாகாது என்பதையும், விடுதிகளுக்குள் புகுந்து அதிகாரிகள் சோதனையிடலாகாது என்பதையும் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது.

திருச்சபையின் கண்ணோட்டமும் இதுவே. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-இல் வெளியிட்ட குடிபெயர்ந்தோர் பற்றிய ஆவணத்தில், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே அகதிக் குடும்பங்களுக்கெல்லாம் முன்மாதிரியாகக் காட்டினார். தம் எல்லையைக் காக்கும் உரிமை நாட்டுக்கு உண்டு என்பதைத் திருச்சபை மறுப்பதில்லை. ஆயின் எல்லைக்கோட்டில் நிற்பவன் மனிதன் என்பதை அவ்வுரிமை அழித்துவிடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016 பிப்ரவரி 17-ஆம் நாள் ஹுவாரெசில் எல்லை வேலிக்கு அருகே திருப்பலி நிறைவேற்றினார். 2019-இல் மெக்சிகோவில் தவித்த வழிப்போக்கருக்காக 5,00,000 டாலர் வழங்கினார்.

இன்றைய நிலை

2025 சனவரியில் அமெரிக்க அரசு தென் எல்லையில் புகலிடம் கேட்கும் வழிகளை அடைத்ததிலிருந்து வடக்கே செல்வோர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. இதனால் விடுதிகளுக்கு வேலை இல்லாமற் போய்விட்டது என எண்ணலாகாது. முன்னே செல்லவும் முடியாமல் பின்னே திரும்பவும் அஞ்சி நடுவழியில் நிற்போர் பலர். கையிலிருந்ததையெல்லாம் இழந்து தெற்கு நோக்கித் திரும்பி நடப்போரும் உளர். அதே ஆண்டில் வெளிநாட்டு உதவிப் பணம் குறைக்கப்பட்டதால் உதவும் நிறுவனங்கள் பல இடருற்றன. ஓரிரவு தங்கிச் செல்பவனுக்கு ஒரு வேளை உணவு போதும்; மாதக்கணக்கில் தங்குபவனுக்கு வேலையும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேண்டும். அதற்கேற்ப இவ்வில்லங்களின் பணியும் மாறி வருகின்றது.

இது எங்கோ நிகழும் செய்தி என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. 2019 அக்டோபரில் மெக்சிகோ அரசு தனி விமானத்தில் தில்லிக்குத் திருப்பியனுப்பிய இந்தியர் 300-க்கு மேற்பட்டோர். தரகரின் சொல்லை நம்பிக் கடன் வாங்கி, கடல் பல கடந்து, அந்தப் பாதையில் நடந்தவர்கள் அவர்கள். அவர்களுள் சிலருக்கும் ஏதோ ஒரு விடுதியில் யாரோ ஒரு தாய் தண்ணீர் தந்திருப்பார்.

குடிபெயர்ந்தோர் மற்றும் அகதிகள் நாளைத் திருச்சபை ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதி ஞாயிறன்று கொண்டாடுகின்றது. அன்று திருப்பலியில் ஒரு மன்றாட்டோடு நாம் நிறுத்திவிட வேண்டா. நம் ஊர் இரயில் நிலையத்தில் மூட்டையோடு இறங்கி, மொழி தெரியாது நிற்கும் தொழிலாளியை நம் பங்கில் எவரேனும் அணுகி, சாப்பிட்டாயா என்று கேட்டதுண்டா? பங்குப் பேரவைகளும், வின்சென்ட் தே பவுல் சபைக் கிளைகளும், அன்பியங்களும் அடுத்த கூட்டத்தில் இக்கேள்வியை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். லா பத்ரோனா ஊரின் பெண்களிடம் நிதியும் இல்லை, திட்டமும் இல்லை. அன்றைய காலை உணவுக்கு வாங்கிய ரொட்டியும் பாலுமே இருந்தன.