ஊர் கூடி இழுக்கும் சதுரங்கத் தேர்

கொல்கத்தாவுக்கும் சதுரங்கத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1850-களில் இந்நகரில் வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மகேஷ் சந்திர பந்தோபாத்யாயர் என்ற வங்காளியுடன் ஏராளமான ஆட்டங்கள் ஆடினார். காய் நகர்த்தல்களை எழுதியும் வைத்தார். அதனால்தான் அந்த வங்காளியின் திறமையை இன்றும் உலகம் படித்து வியக்கிறது. ஆனந்துக்கு அடுத்தபடியாக, 1991-ல் இந்தியாவின் இரண்டாவது கிராண்ட்மாஸ்டரான திப்யேந்து பருவாவும் இவ்வூர்க்காரரே.

அன்று ஆட்டத்தை எழுதி ஊருக்குத் தந்தார்கள். இன்று ஆடும் கருவியையே எழுதி ஊருக்குத் தருகிறார்கள். செயலியோடு அதன் மூலநிரலையும் மறைக்காமல் கொடுத்துவிடும் இம்முறைக்குத் 'திறந்த மூலம்' என்று பெயர்.

ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலைப் பாருங்கள். நார்வேக்காரர் ஒருவர் எழுதி வெளியிட்ட நிரலை எடுத்து, இத்தாலிக்காரர் ஒருவர் செப்பனிட்டு 2008-ல் வெளியிட்டார். ஸ்டாக்ஃபிஷ் என்றால் நார்வேயில் உலர்த்தும் மீன். இத்தாலியில் அதைச் சமைத்து உண்பார்கள். நம் கருவாடு, வங்காளிகளின் ஷுட்கி போலத்தான்! 2013 முதல் உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணிப்பொறிகளை இரவல் தந்து, ஒவ்வொரு திருத்தத்தையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் சோதிக்கிறார்கள். உலகச் சாம்பியனையும் வெல்லவல்ல இந்நிரலுக்கு விலை ஏதும் இல்லை.

இலவசம் என்பதால் கட்டுப்பாடே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இதை யாரும் திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் வாங்குபவருக்கு மூலநிரலும் அதே உரிமையும் சேர்ந்தே போக வேண்டும். ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் தன் விற்பனைச் சரக்கில் இந்நிபந்தனையை மீறியதாக ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் 2021-ல் வழக்குத் தொடுத்தார்கள். 2022-ல் சமரசம் ஏற்பட்டது. ஸ்டாக்ஃபிஷ் நிரல் அடங்கிய சரக்குகளை ஓராண்டுக்கு விற்பதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. பொதுச் சொத்துக்கும் வேலி உண்டு என்பதை உலகம் கண்டது.

2010-ல் பிரான்சின் திபோ துப்ளெஸ்ஸி தொடங்கிய 'லீசெஸ்' இதே வழியில் வந்தது. விளம்பரமில்லை, கட்டணமில்லை, நன்கொடையில் நடக்கிறது. ஆட்டம் முடிந்ததும் பிழைகளைச் சுட்டிக்காட்டுவது அதே ஸ்டாக்ஃபிஷ்தான். கைப்பேசியில் செயலியாக இறக்கிக்கொள்ளலாம்.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இதன் சொற்களைப் பல மொழிகளில் பெயர்ப்பவர்கள் தன்னார்வலர்களே. தமிழும் அதில் உண்டு. பலகையின் மூலையில் நிற்கும் காயை நம் வீடுகளில் யானை என்போம். அச்சு நூல்கள் கோட்டை என்கின்றன. வங்காளிகளுக்கு அது நௌகா, அதாவது படகு. அவர்களுடைய யானையோ அடுத்தடுத்த கட்டங்கள் தள்ளி, ராஜா மந்திரிக்குப் பக்கத்தில் நிற்கிறது! பள்ளியில் படகு என்று பழகிய நம் குழந்தை, விடுமுறையில் கும்பகோணத்துத் தாத்தாவுடன் ஆடும்போது எந்தச் சொல்லைச் சொல்லும்?

மூடிய செயலியில் இதை முடிவு செய்வது நிறுவனம். திறந்த செயலியில் முன்வந்து உழைப்பவர் சொல் நிற்கும். நிரல் எழுதத் தெரிந்த நம் பிள்ளைகளும், நல்ல தமிழ் தெரிந்த பெரியவர்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால், சதுரங்கம் மட்டுமல்ல, ஆடுபுலி ஆட்டமும் பல்லாங்குழியும்கூட இவ்வாறே ஊர்ப் பொதுவில் வைக்கப்படலாம். வடம் தரையில் கிடக்கிறது. பிடிக்கக் கைகள்தான் வேண்டும்.