நாயின் ஏக்கமும் நீரிழிவும்

மதுரையைச் சூழ்ந்த சீமையில் நாய் வளர்ப்பது புதிய நாகரிகமன்று. தெற்கே இராஜபாளையமும் சிப்பிப்பாறையும், மேற்கே கோம்பையும் தத்தம் பெயராலேயே நாய் வகைகளை உலகுக்கு அளித்த ஊர்கள். 2005-ல் நமது தபால் இலாகா இராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வெளியிட்டது. காவலுக்கும் வேட்டைக்கும் ஓடித் திரிந்த அப்பிராணி, இன்று நகரத்து மாடி வீட்டில் மின்விசிறியின் கீழ்ப் படுத்திருக்கிறது. வீட்டார் தின்னும் பலகாரத்தில் அதற்கும் பங்குண்டு. (ஜிகர்தண்டாவிலாவது பங்கு கொடாதிருப்பார்களாக!)

அந்த நாய் ஒரு நாள் மூலையில் முடங்குகிறது. "சின்னவன் படிக்கச் சென்னைக்குப் போய்விட்டானல்லவா, அந்த ஏக்கந்தான்" என்று வீட்டில் முடிவு கட்டுகிறோம். இதைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. உடன் வளர்ந்த நாய் இறந்தபின் மற்றது எப்படியிருந்தது என்று இத்தாலியில் 426 பேரிடம் விசாரித்து 2022-ல் வெளியிட்டார்கள். 86 சதவீதத்தினர் மாறுதல் கண்டதாகக் கூறினர். உணவு குறைந்தது, உறக்கம் மிகுந்தது.

ஆயினும், ஏக்கமென்று சொல்லி வாளாவிருப்பதில் பெரும் அபாயம் உண்டு. நீரிழிவு கண்ட நாயும் இப்படியே சோர்ந்து கிடக்கும். வேற்றுமையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் காணலாம். துக்கமுற்ற நாய் சோற்றை வெறுக்கும். நீரிழிவு நாயோ வைத்ததையெல்லாம் தின்றும் இளைக்கும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். அவ்விடத்தில் எறும்பு மொய்க்குமாயின் சந்தேகம் வலுக்கிறது. நம் ஆயுர்வேத நூலார் மனிதரின் மதுமேகத்துக்குக் கண்ட அடையாளமும் அதுவே.

நடுவயது கடந்த நாய்களுக்கும், கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுக்கும் இந்நோய் அதிகம். கணையம் இன்சுலின் சுரப்பது நின்றுபோகிறது. பெரும்பாலானவற்றுக்குக் கண்ணில் புரை படர்கிறது. பார்வையிழந்து சுவரோரம் ஒடுங்குவதையும் நாம் துக்கமென்றே எண்ணிவிடுகிறோம். முற்றிய பின்னரோ உணவு செல்லாது. வாந்தி, மயக்கம், மரணம்.

மருந்து இல்லாமலில்லை. அதை மனிதருக்குத் தேடித் தந்தவையும் நாய்களே. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை நீக்கியபோது அதற்கு நீரிழிவு வந்தது; காரணம் புலப்பட்டது. 1921-ல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றை நாய்களுக்கே முதலில் செலுத்தினார்கள். அவற்றில் எத்தனையோ மாண்டன. மறு ஆண்டு ஜனவரியில் ஒரு சிறுவனுக்கு அவ்வூசி போடப்பட்டது.

கால்நடை வைத்தியர் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துச் சொல்லிவிடுவார். மனிதர் விழுங்கும் மாத்திரை நாய்க்குப் பெரும்பாலும் பயன்படாது. தினம் இரு வேளை, உணவையொட்டி, இன்சுலின் ஊசி ஆயுள் முழுதும் வேண்டும். செலவு அற்பமன்று. திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வெளியூர் செல்லும் குடும்பத்தார், ஊசி போடத் தெரிந்த ஒருவரை முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்வது உத்தமம்.