உங்களுக்குத் தெரியுமா? – மணி அடித்த பிறகு

● ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தானாக வந்ததில்லை. 1880களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வாரத்துக்கு ஒரு நாள் உறுதியான ஓய்வு என்று எதுவும் கிடையாது. ஜோதிராவ் பூலேயின் தோழரும் 'தீனபந்து' இதழை நடத்தியவருமான நாராயண் மேகாஜி லோகண்டே, 1884இல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டினார். சுமார் 5,500 பேர் கையெழுத்திட்டு ஒரு மனு தயாரானது. அவர்கள் கேட்டதை இன்று படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. ஞாயிறு முழுநாளும் ஓய்வு, நண்பகலில் அரை மணி நேர இடைவேளை, பொழுது சாய்ந்ததும் வேலைக்கு முடிவு. முதலாளிகள் இறங்கிவர 1890 ஜூன் ஆனது. மறு ஆண்டே தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை ஏறிவிட்டது. 2005இல் லோகண்டேக்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள். ஞாயிறு காலையில் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கும்போது அவர் பெயரை ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம்.

● 'ஓய்வு' என்ற சொல்லுக்கு நம் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இடம் இருப்பது தெரியுமா? 43ஆவது பிரிவு, தொழிலாளர்களுக்கு வாழ்க்கை நடத்தப் போதுமான ஊதியம் கிடைக்க அரசு முயலவேண்டும் என்கிறது. அதோடு நிற்கவில்லை. ஓய்வை முழுமையாக அனுபவிக்கவும் சமூக, பண்பாட்டு வாய்ப்புகளைத் துய்க்கவும் வழி செய்யவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இது வழிகாட்டு நெறிதான், நீதிமன்றத்தில் போய்க் கேட்டுவாங்க முடியாது. ஆனாலும் சோற்றுக்குப் பக்கத்திலேயே பாட்டையும் கூத்தையும் வைத்து எழுதியவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

● பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களின் வாசலில் பிறந்தது சென்னைத் தொழிலாளர் சங்கம். நாள் 1918 ஏப்ரல் 27. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றில் அதற்குப் பெயர். பி.பி. வாடியா தலைவர், உடன் நின்றவர் திரு.வி.க. இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததுதான். அந்தச் சங்கத்தின் வேர் ஒரு பக்திச் சபையில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

மில்லுக்கு அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஸ்ரீ வேங்கடேச குணாம்ருத வர்ஷணி சபை என்று ஒன்றை நடத்திவந்தார்கள். சொற்பொழிவு கேட்க மில் தொழிலாளர்கள் வருவார்கள். திரு.வி.க.வும் அங்கே பேசியிருக்கிறார். கேட்க வந்தவர்கள் தங்கள் குறைகளைப் பேசத் தொடங்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அவற்றில் முக்கியமானது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. வேலை முடிந்து நாலு பேர் சேர்ந்து உட்கார ஓர் இடம் இருந்தது. சங்கம் அந்த இடத்திலிருந்து எழுந்தது. ஓய்வு நேரத்தை வெட்டிப் பொழுது என்று யாராவது சொன்னால் எனக்குப் பெரம்பூர்தான் ஞாபகத்துக்கு வரும்.

● இந்தியாவில் முதல் மே தினம் கொண்டாடப்பட்டது சென்னைக் கடற்கரையில். 1923ஆம் ஆண்டு சிங்காரவேலர் ஒரே நாளில் இரண்டு கூட்டங்களை நடத்தினார். ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில், மற்றொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே. மே தினத்தை விடுமுறையாக்கவேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று.

● சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட இடம் தரும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் நின்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார்.

● இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமை வேலைநாள்! நிலவின் நான்கு நிலைகளை வைத்துப் போயா நாள்களே வார விடுமுறை ஆயின. பிறை நகர நகர விடுமுறையும் கிழமை மாறிக்கொண்டே போனது. உலகம் முழுவதும் ஞாயிறு ஓய்ந்திருக்க, கொழும்புத் துறைமுகமும் வங்கிகளும் இயங்கின. அங்கே ஓய்ந்த நாளில் உலகம் இயங்கியது. வணிகத்துக்கு ஒத்துவராமல் ஞாயிறு திரும்பி வந்தது. முழுநிலாப் போயா மட்டும் இன்றும் மாதந்தோறும் அங்கே பொது விடுமுறை.

● பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் வாரத்தைப் பத்து நாளாக்கினார்கள். பத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. ஏழுக்கு ஒன்று என்று பழகிய உடம்பு ஏற்குமா? 1806 பிறந்தபோது அந்தக் காலண்டர் இல்லை.

● சோவியத் நாடு செய்த சோதனை இன்னும் விசித்திரமானது. 1929இல் ஐந்து நாள் வாரம் வந்தது. நான்கு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. கணக்குப் பார்த்தால் முன்னைவிட அதிக ஓய்வு. ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் அல்ல. தொழிலாளர்களை ஐந்து பங்காகப் பிரித்து பங்குக்கொரு நிறம் கொடுத்தார்கள். மஞ்சள் நிறத்தாருக்கு ஒரு நாள், சிவப்பு நிறத்தாருக்கு வேறொரு நாள். எந்திரம் நிற்கவேண்டியதில்லை, அதுதான் நோக்கம். கணவனுக்கு மஞ்சள், மனைவிக்குப் பச்சை என்று அமைந்த வீடுகளில் விடுமுறை நாளில் ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டியதாயிற்று. நண்பர்கள் கூட முடியவில்லை. 1931இல் ஐந்து நாள் முறையைக் கைவிட்டு, எல்லோருக்கும் ஒரே நாளில் ஓய்வு தரும் ஆறு நாள் வாரத்துக்குப் போனார்கள். 1940இல் பழைய ஏழு நாள் வாரமே திரும்பியது.

இரவு ஷிஃப்ட் பார்க்கும் மகனும் பகல் ஷிஃப்ட் பார்க்கும் மருமகளும் உள்ள வீடுகளுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. விடுப்பு எடுக்கும்போது எத்தனை நாள் என்பதோடு யாருடன் என்பதையும் பாருங்கள்.

● 'மாலை' எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? நாம் நாலு மணிக்கே மாலை வணக்கம் சொல்லிவிடுகிறோம். பழந்தமிழ்க் கணக்கில் ஒரு நாளுக்கு ஆறு சிறுபொழுது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், ஆக நாலு மணி நேரம். மாலை என்பது 6 முதல் 10 வரை. மற்றப் பொழுதுகளுக்கு உள்ள அதே அளவு அதற்கும் உண்டு.

அந்த மாலையை முல்லைத் திணைக்குக் கொடுத்தார்கள். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது வேலை நிமித்தம் பிரிந்துபோனவன் வருவான் என்று காத்திருத்தல். வினை முடிந்த தலைவன் தேர்ப்பாகனிடம் 'விரைந்து ஓட்டு' என்று சொல்வதாக அமைந்த பாட்டுகள் சங்க இலக்கியத்தில் ஒரு தனி வகை. போர் முடிந்தது, இனி ஒரு கணமும் பாசறையில் இருக்க மனமில்லை, வழியில் கார்காலக் காடு பூத்திருக்கிறது, வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். அலுவலகம் முடிந்தும் மேலதிகாரி எழுந்திருக்கட்டும் என்று நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒரு மாலையாவது அந்தத் தலைவனைப் பின்பற்றலாம்.

● ஓய்வுக்கும் அட்டவணை போட்டால் அது வேலை போல ஆகிவிடும் என்கிறது ஓர் ஆய்வு. கேப்ரியெலா டோனியெட்டோ, செலின் மால்கோக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டது. தேர்வுக் காலத்தில் மாணவர்களுக்கு இலவசமாகக் காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சிலரிடம் இத்தனை மணிக்கு வருகிறேன் என்று குறித்து வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்களிடம் இந்த இரண்டு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். காபி ஒன்றுதான், ஆனால் குறித்த மணிக்கு வந்தவர்கள் குறைவாகவே ரசித்தார்கள்.

எனவே நண்பரோடு '6.30க்குச் சந்திப்போம்' என்பதைவிட 'சாயங்காலம் வேலை முடிஞ்சதும் வா' என்று நாம் காலகாலமாகச் சொல்லிவருவதில் விஷயம் இருக்கிறது. கிழமையை உறுதி செய்யுங்கள், மணியைத் தளர்வாக விடுங்கள். நான் செய்து பார்த்துப் பலன் கண்டது இது. வியாழக்கிழமை மாலை நடைக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தப் பக்கம் போவது என்பதை அன்றைய வானம் சொல்லும்.

● நீண்ட விடுமுறையின் தெம்பு பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் கரைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஊட்டிக்குப் போய்வந்து பதினொரு மாதம் மூச்சுப் பிடிப்பதைவிட, அன்றாடம் கொஞ்சம் என்பது உடம்புக்கு ஒத்துவரும். ஜெர்மன் உளவியலாளர் சபீனே சோனென்டாக் பல ஆண்டுகளாக ஆராய்ந்து சொல்வதும் இதை ஒட்டியதுதான். வீட்டுக்கு வந்தபின் மனம் வேலையிலிருந்து கழன்றுகொண்டால்தான் களைப்பு தீரும். உடம்பு சோபாவில், மனம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் என்றால் அது கணக்கில் சேராது.

● பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர் தரப்போடு பேச்சு நடத்தியாகவேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இப்படி ஓர் உரிமை நடைமுறைக்கு வந்தது.

● வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் கூடுதல். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கு இது.

● உட்காருவதற்கும் சட்டம் தேவைப்பட்டது. கேரளத்தில் 2018இல், தமிழ்நாட்டில் 2021இல். கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று அந்தத் திருத்தங்கள் சொல்கின்றன. கேரளத்தில் இதற்காகப் போராடியவர்கள் கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இலேயே இந்தக் கால்வலியைத் திரையில் காட்டியிருந்தது.

சிறுவயதில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது, முப்பது சேலையாவது பிரித்துப் போட்டிருந்த பெண்ணிடம் என் அம்மா, "நீ கொஞ்சம் உட்காரும்மா, நான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார். அந்த அக்கா சிரித்தார். உட்காரவில்லை. கண் மட்டும் மேற்பார்வையாளர் நின்ற பக்கம் போய்த் திரும்பியது. இப்போது துணிக்கடைக்குப் போனால் நான் முதலில் தேடுவது ஸ்டூல்களை. சில இடங்களில் இருக்கின்றன. அவற்றின் மேலும் துணி மடித்து வைத்திருக்கிறார்கள்.

● ஒரு நாளில் வீட்டுவேலைக்கு எவ்வளவு நேரம்? மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். லோகண்டே வாங்கித் தந்த ஞாயிறு அடுக்களைக்குள் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கறி எடுத்துவந்து கொடுத்துவிட்டு வீட்டார் டிவி முன்னால் உட்காரும் நாளில்தான் அங்கே வேலை இரட்டிப்பு. வெங்காயம் உரிக்க ஓர் ஆள் கூடுதலாக வந்து உட்கார்ந்தாலே அந்த ஞாயிற்றில் ஒரு மணி நேரம் மிஞ்சும்.

● கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கூடங்களில் ஒருவர் செய்தித்தாளும் கதையும் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பவருக்கு விட்டுப்போன பீடிக் கணக்கை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி ஈடுகட்டிவிடுவார்கள். கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் இதே வழக்கம் உண்டு. அங்கே வாசித்துக் கேட்ட நாவலின் பெயரே ஒரு சுருட்டுக்கும் வந்தது, மான்டி கிறிஸ்டோ. கைக்கு வேலை, காதுக்கு விருந்து.

● நம் ஊரில் அந்த வேலையைப் பாட்டு செய்தது. நடவுக்கு ஒன்று, சுண்ணாம்பு இடிக்க ஒன்று, வலை இழுக்க ஒன்று. ஏற்றம் இறைப்பவர் பாட்டிலேயே சால் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டு போகும். பாட்டு நின்றால் கணக்கும் நிற்கும்.

கம்பரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. வயல் வழியே போனவர் காதில் ஏற்றக்காரர் பாட்டின் ஓரடி விழுந்தது. சொக்கி நின்றுவிட்டார். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று காத்திருந்தார். பொழுது சாய்ந்துவிட்டது. ஏற்றக்காரர்கள் பாட்டை அப்படியே பாதியில் விட்டு, கால் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கவிச்சக்கரவர்த்தி இரவெல்லாம் யோசித்துப் பார்த்தும் அந்த அடி பிடிபடவில்லை. மறுநாள் விடியலில், ஏற்றம் மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியபோதுதான் அவருக்கு அது கிடைத்தது.