பெயரில்லாத விலாசம் எத்தனை நாள் மறைக்கும்?

பொன்முடி மலைக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகும் வண்டிகூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வரும் வழியில் வனத்துறையின் சோதனைச் சாவடியை அந்த வண்டி தாண்டித்தான் வந்திருக்கும். 'கிரிப்டோ' நாணயத்தின் கதையும் இதுதான். அதில் பணம் போட்டால் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது எனச் சொல்லித் திரிகிறவர்கள் பலர். அதில் பாதிதான் உண்மை.

பிட்காயின் 'வாலட்' தொடங்கப் பெயரும் வேண்டாம், ரேஷன் கார்டும் வேண்டாம். செல்போன் குருட்டாம்போக்கில் ஒரு பிரம்மாண்டமான எண்ணை எடுக்கும். அதுவே ரகசியச் சாவி. அதிலிருந்து கணக்கிட்டு, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு விலாசம் உண்டாகிறது. விலாசத்தை வைத்துச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. சாவி தொலைந்தால் பணமும் போயிற்று. மனுக் கொடுக்க அங்கே மானேஜர் கிடையாது!

ஆனால் 2009 ஜனவரியிலிருந்து நடந்த பரிமாற்றம் ஒவ்வொன்றும், எந்த விலாசத்திலிருந்து எதற்கு, எவ்வளவு என்று பொதுப் பேரேட்டில் பதிவாகியிருக்கிறது. யாரும் பார்க்கலாம். பாஸ் புத்தகத்தில் பெயரை மட்டும் அடித்துவிட்டு டீக்கடைச் சுவரில் ஒட்டியது போலத்தான். பெயர் ஒரு தடவை தெரிந்துவிட்டால், அந்த விலாசத்தின் பழைய வரவு செலவு அத்தனையும் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பெயர் எங்கே தெரியும்? ரூபாய் கொடுத்து நாணயம் வாங்கும் 'எக்ஸ்சேஞ்ச்' என்ற சாவடியில். 2023 மார்ச் முதல் இவை சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. வாடிக்கையாளர் யார் என்பதற்கு அத்தாட்சி வாங்கி வைத்தாக வேண்டும்.

விலாசத்தை மாற்றிக்கொண்டே இருந்தால்? ஓரளவு மறைக்கும். 2022 ஏப்ரலில் அமெரிக்கா தடை விதித்த 'கரன்டெக்ஸ்' எக்ஸ்சேஞ்ச், தன் விலாசங்களைத் தினந்தோறும் மாற்றியது என்பது அந்நாட்டு அரசின் குற்றச்சாட்டு. 2019 முதல் அதன் வழியே குறைந்தது 9,600 கோடி டாலர் புரண்டதாம். அதை நடத்தியவர்களில் ஒருவர் எனக் கூறப்படும் லிதுவேனியா நாட்டவர் அலெக்சேய் பெஸ்சியோகோவ், 2025 மார்ச்சில் இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், வர்க்கலாவில் கைதானார்.

நமது அன்பர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. "உங்கள் பாங்குக் கணக்கில் பணம் வரும், நாணயமாக்கி நான் சொல்லும் விலாசத்துக்கு அனுப்புங்கள், கமிஷன் உண்டு" என்று யாராவது கேட்கலாம். அவருடைய விலாசத்தில் பெயர் இராது. பாங்கில் இருப்பது உங்கள் பெயர். அது மோசடிப் பணம் என்று தெரிந்து போலீசார் கணக்கை முடக்கினால், ஊருக்கு அனுப்ப வைத்திருக்கும் சம்பளமும் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.