அடுப்பை அணைக்காமல் அடுப்படியைக் கட்டுவது

குடியிருந்துகொண்டே அடுப்படியை இடித்துக் கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொத்தனார் வேலை பெரிய வேலையே இல்லை என்பார்கள். காலையில் காபி வரவேண்டும், மதியம் சோறு வேகவேண்டும், நடுவில் சுவரும் எழும்பவேண்டும். தலைவலி அங்கேதான். வட இங்கிலாந்தில் ஏ66 என்ற நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் திட்டமும் இதே தலைவலிதான். என்ன, இந்த அடுப்படியின் நீளம் 80 கிலோமீட்டர்.

மேற்கே கம்பிரியாவில் பென்ரித் ஊரருகே எம்6 மோட்டார்வே. கிழக்கே வட யார்க்‌ஷயரில் ஸ்காட்ச் கார்னர் சந்திப்பில் ஏ1(எம்). இரண்டையும் பென்னைன் மலைத்தொடரின் குறுக்கே இணைப்பது ஏ66. ரோமானியப் படைகள் நடந்த ஸ்டெய்ன்மோர் கணவாய் வழியைத்தான் இன்றும் பெரும்பாலும் பின்பற்றுகிறது. வட அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் கிழக்கு, தெற்கு இங்கிலாந்துக்குச் செல்லும் சரக்குகளுக்கு இது முக்கிய வழி. ஓடுகிற வண்டிகளில் ஏறத்தாழ கால்வாசி கனரக லாரிகள்.

சாலை முழுக்கக் குறுகலாக இருந்திருந்தால்கூடத் தொல்லை குறைவு. ஊர்ப் புறவழிச்சாலைகளாகவும் துண்டு துண்டாகவும் பல காலகட்டங்களில் அகலப்படுத்தியதில் பாதிக்கு மேல், நடுத்தடுப்பு இரு திசைகளையும் பிரிக்கும் இருவழிப் பிரிப்புச் சாலையாகிவிட்டது. டெம்பிள் சோவர்பி புறவழிச்சாலை 2007-இல் திறந்தது. மிச்சம் சுமார் 29 கிலோமீட்டர் இன்னும் நடுத்தடுப்பில்லாத ஒற்றைச் சாலை. அதுவும் ஒரே இடத்தில் இல்லை, ஆங்காங்கே சிதறிக் கிடக்கிறது.

தொட்டிப் பக்கம் நான்கு பேர் நிற்கலாம், அடுப்புப் பக்கம் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் ஒதுங்கவேண்டும் என்று ஓர் அடுப்படி இருந்தால் என்ன ஆகும்? கொதிக்கிற குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர் அகலமான இடத்தில் விறுவிறுவென்று நடந்து, குறுகலில் மோதுவார். ஏ66-இலும் அதுவே நடக்கிறது. ஒற்றைச் சாலையில் லாரிக்கு வேக வரம்பு மணிக்கு 50 மைல், காருக்கு 60. லாரியின் பின்னால் பத்துப் பதினைந்து கார்கள் ஊர்ந்து வரும். பிரிப்புச் சாலை தொடங்கியதும் எல்லாம் சீறிக் கிளம்பும். அது முடியப்போகிறது என்ற பலகையைக் கண்டதும், இன்னும் ஒரே ஒரு லாரியையாவது முந்திவிடலாம் என்று யாராவது மிதிப்பார். குறுகலுக்குள் மாட்டிக்கொண்ட இன்னொருவர் பொறுமையிழந்து எதிர்த்தடத்துக்கு ஏறுவார். எதிரே வருவதும் லாரியாகத்தான் இருக்கும்.

விபத்து நடந்தால் முழுச் சாலையையும் மூடவேண்டும். மாற்றுவழி என்று சொல்லிக்கொள்ள வடக்கே ஏ69, தெற்கே வெகுதூரத்தில் எம்62. இரண்டுமே பக்கத்தில் இல்லை. இடையில் உள்ளதெல்லாம் கிராமத் தெருக்கள். பிரிப்புச் சாலையாக இருந்தால் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு மறுபக்கத்தில் இரு திசை வண்டிகளையும் விடலாம். இந்தத் திட்டத்தின் உயிர்நாடி இதுதான் என்பேன். நெரிசல் நேரத்தில் 12 நிமிடம் மிச்சம் என்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, எப்படிக் கட்டுவது? அடுப்படிக்கு இரண்டு வழி உண்டு. பழைய சுவரை ஒட்டி இன்னொரு மேடை போட்டு அறையைப் பெரிதாக்கலாம். அல்லது கொல்லைப் பக்கம் புது அறையே எழுப்பி, முடிந்த அன்று அடுப்பைத் தூக்கி அங்கே வைக்கலாம். ஏ66-இல் இரண்டும் கலந்து வருகின்றன. சில பகுதிகளில் இருக்கும் சாலையை ஒட்டிப் புதிய தடத்தைப் போட்டு, போக்குவரத்து முழுவதையும் அதற்கு மாற்றிவிட்டுப் பழைய தடத்தைச் செப்பனிடவேண்டும். கர்க்பி தோர் போன்ற இடங்களில் ஊருக்கு வெளியே முற்றிலும் புதிய வழி. அங்கே ஜிப்சம் பலகைத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் லாரிகள் ஊருக்குள் நுழையாமலே நெடுஞ்சாலையைப் பிடிக்கப் புதிய சந்திப்பு உதவும். பழைய சாலை வீணாவதில்லை. உள்ளூர் வண்டிகளுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் அது மிஞ்சும்.

அகலத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சந்திப்புகள். ஏற்கெனவே பிரிப்புச் சாலையாக உள்ள சில இடங்களில்கூட நடுத்தடுப்பில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஒரு விவசாயி டிராக்டரோடு வலப்புறம் திரும்பவேண்டுமானால், மணிக்கு 70 மைலில் வரும் கார்களுக்கு இடையே ஒரு சந்து பார்த்து, நடுவில் வந்து நின்று, இரண்டாவது சந்துக்குக் காத்திருக்கவேண்டும். பின்னால் இழுத்து வரும் பெட்டி பாதிச் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். எரியும் அடுப்புக்கு முன்னால் குறுக்கே போய்த்தான் கொல்லைக் கதவைத் திறக்கமுடியும் என்ற நிலை. புதுத் திட்டம் அந்தக் கதவை வேறு பக்கம் வைக்கிறது. புதிதாகப் போடும் பகுதிகளில் இடப்புறமாகத்தான் நுழையலாம், இடப்புறமாகத்தான் வெளியேறலாம். எதிர்ப்பக்கம் போக மேம்பாலமோ சுரங்கப்பாதையோ உண்டு. பென்ரித்தில் கெம்ப்ளே பேங்க் ரவுண்டானாவுக்கு அடியிலேயே ஏ66 இறங்கிப் போகும். வயலின் இரு பாதிகளுக்கு நடுவே சாலை ஓடும் விவசாயிக்குச் சுற்று கூடும், அதில் பொய்யில்லை. உயிர் மிஞ்சும்.

அடுத்தது தண்ணீர். புது மேடை கட்டும் உற்சாகத்தில் கழுவும் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்க மறந்தால், பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஈடன் ஆறு. சால்மன் மீன்களும் வெண்கொடுக்கு நன்னீர் இறால்களும் வாழும், சட்டப் பாதுகாப்புள்ள ஆறு. தார்ச்சாலை மண்ணைப்போல மழையை உறிஞ்சாது. எண்ணெய்ப் பிசுக்கு, டயர்த் தூள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு தண்ணீர் ஒரே நேரத்தில் ஓடும். அதனால் சாலையோரம் குளங்கள் வெட்டி, மழைநீரைத் தேக்கி, கசடு படியவிட்டு, மெதுவாக ஆற்றுக்குள் விடுகிறார்கள். கர்க்பி தோர் அருகே ட்ரவுட் பெக் ஓடையை மண்மேடு போட்டு அடைக்காமல் நீண்ட தூண்பாலத்தால் தாண்டுவதும் இதற்காகத்தான். வெள்ளம் பரவ இடம் வேண்டும்.

மண்வேலைக்கும் மழையே எஜமான். குன்றை வெட்டி எடுக்கும் மண்ணைப் பள்ளத்தில் நிரப்பிவிட்டால் லாரி நடை குறையும். ஆனால் அந்தப் பக்கத்துக் களிமண் நனைந்துவிட்டால் உருளை ஏறினாலும் இறுகாது. ஆகவே உலர்ந்த மாதங்களுக்குள் முடிந்தவரை ஓட்டவேண்டும். அதன்மேல்தான் ஜல்லி, அதற்கும் மேல் தார்க்கலவை அடுக்குகள். இதெல்லாம் எல்லா ஊர்ச் சாலைக்கும் பொது.

இடிக்கக் கூடாத சுவர்களும் உண்டு. பென்ரித் அருகே சாலையோரம் கவுன்டஸ் தூண் என்றொரு கல்தூண். 1616-இல் தன் தாயைக் கடைசியாகப் பிரிந்த இடத்தில் ஆன் கிளிஃபர்ட் என்ற சீமாட்டி 1656-இல் நட்டது. அதன் முகங்களில் சூரியக் கடிகாரங்கள் இருக்கின்றன. கிழக்கே கார்கின் மூரில் இன்றைய சாலையே ரோமானியக் கோட்டை ஒன்றைப் பிளந்துகொண்டுதான் போகிறது. ஆப்பிள்பிக்கும் ப்ரஃபுக்கும் இடையே வடக்கே பாதுகாக்கப்பட்ட மலைநிலமும் ராணுவப் பயிற்சித் திடலும், தெற்கே பண்ணைகளும் வீடுகளும். நடுவில் ஓர் இழை அளவுக்குத்தான் இடம். ஜிப்சிகள் காலங்காலமாகக் கூடும் ப்ரஃப் ஹில் சந்தைத் திடலும் பாதையில் அகப்பட்டது. அதற்கு மாற்றிடம் தரவேண்டியிருக்கிறது.

வீட்டில் ஒரு மனதாக முடிவெடுத்துப் பணமும் புரட்டிய பிறகே சுவரில் சம்மட்டி விழும். 2020 மேயில் பாதை அறிவிப்பு, 2022 ஜூனில் அனுமதிக்கு விண்ணப்பம், 2024 மார்ச்சில் அனுமதி. அந்த ஆண்டு ஜூலையில் ஆட்சி மாறியது, திட்டம் மறுஆய்வுக்குப் போனது. 2025 ஜூலையில்தான் போக்குவரத்து அமைச்சர் ஹெய்டி அலெக்சாண்டர் நிதியை உறுதிசெய்தார். இத்தனைக்கும் ‘பிராஜெக்ட் ஸ்பீட்’ என்ற அரசின் துரிதப் பட்டியலில் இருந்த திட்டம் இது. கட்டும் பொறுப்பு நேஷனல் ஹைவேஸ் நிறுவனத்துடையது, செலவு நூறு கோடி பவுண்டுக்கும் மேல். போடும் ஒவ்வொரு பவுண்டுக்கும் திரும்பி வரும் பயன் ஒரு பவுண்டுக்கும் குறைவு என்று அரசு முறைக் கணக்கே காட்டியது. கரியமிலப் புகையைக் காரணம் காட்டிச் சூழல் அமைப்புகள் எதிர்த்தன. கணக்கை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், எதிர்த்தடத்தில் நேருக்கு நேர் மோதும் வாய்ப்பை அடியோடு அடைப்பதற்காக இதை நான் ஆதரிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். ஸ்டெய்ன்மோர் கணவாயின் உச்சிப் பகுதி ஏற்கெனவே பிரிப்புச் சாலைதான். அங்கே சாலையை மூடுவது குறுகலல்ல, பனியும், உயரமான லாரிகளைச் சாய்க்கும் காற்றும். எத்தனை தடம் போட்டாலும் அவை கேட்கப்போவதில்லை. குளிர்காலத்தில் அந்தப் பக்கம் வண்டியெடுப்பவர்கள், வேலை முழுதும் முடிந்த பிறகும், கணவாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.