ஆலைக்கு நினைவகம், அறைக்கு?

மும்பை: நாட்டின் பஞ்சாலைத் தொழிலின் தாயகமாக விளங்கிய மத்திய மும்பையின் "கிரண்காவ்" (ஆலைகளின் கிராமம்) பகுதியில், புகைபோக்கிகள் நின்ற இடங்களை இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் நிரப்பியுள்ளன. மிச்சமிருப்பதைக் காக்கும் நோக்கில், காலாசௌக்கியில் உள்ள இந்தியா யுனைடெட் 2, 3-ஆம் எண் ஆலை வளாகத்தில் ஜவுளி அருங்காட்சியகம் அமைக்கும் திட்டத்தை மும்பை மாநகராட்சி மேற்கொண்டது. மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகத்தின் வசம் இருந்த ஆலை இது.

ஆனால், அங்கு யாருடைய வரலாறு இடம்பெறும் என்பதே கேள்வி.

இயந்திரங்களையும், 1854-இல் இந்நகரின் முதல் ஆலை நிறுவனத்தைத் தொடங்கிய காவஸ்ஜி டாவர் போன்றோரின் பெருமையையும் காட்சிப்படுத்துவது எளிது. தொழிலாளியின் வாழ்க்கையோ "சால்" எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் கழிந்தது. கொங்கண், சதாரா கிராமங்களிலிருந்து வந்த ஆண்கள் ஓர் அறையில் பலராகத் தங்கினர். ஒருவர் ஷிப்டுக்குக் கிளம்பிய இடத்தில், ஷிப்டு முடித்து வந்த மற்றொருவர் உறங்கினார். அவர்களுக்கு மாதக் கணக்கில் உணவளித்தவர்கள் "கானாவள்" நடத்திய பெண்கள். கடன் சுமையிலிருந்து அப்பெண்களை மீட்க 1975-இல் பிரேமா புரவ் தொடங்கியதே அன்னபூர்ணா மகளிர் மன்றம்.

பரேல் சால் ஒன்றில்தான் அம்பேத்கர் நீண்ட காலம் வாழ்ந்தார்.

1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை நிலங்களில் பொதுமக்களுக்கும் வீட்டு வசதிக்கும் உரிய பங்கு, 2001-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தால் வெகுவாகச் சுருங்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை உறுதி செய்தது.

இப்போது சால்களும் மறைகின்றன. 1920-களில் கட்டப்பட்ட வொர்லி பி.டி.டி. சால்களில் ஓர் அறையின் பரப்பு 160 சதுர அடி, கழிப்பறை பொது. அங்கு வசித்த 556 குடும்பங்களுக்கு 2025 ஆகஸ்டில் 500 சதுர அடி வீடுகளின் சாவிகள் வழங்கப்பட்டன. பழைமையைக் காப்பதற்காக அந்த நெருக்கடியிலேயே தொடர்ந்து வாழுங்கள் என அவர்களிடம் கூற எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும், இடிப்பதற்கு முன் ஓர் அறையையேனும் அதன் பரண், பாத்திரம், பொது நடைவழியுடன் காத்து வைக்கலாம். நியூயார்க்கில் 1863-இல் கட்டப்பட்ட வாடகைக் குடியிருப்பு ஒன்று, ஏழைக் குடியேறிகளின் அன்றாட வாழ்வைச் சொல்லும் அருங்காட்சியகமாக இன்று விளங்குகிறது. மும்பையில் அதற்கான வாய்மொழிச் சான்றுகளுக்கும் குறைவில்லை. மீனா மேனனும் நீரா அடார்க்கரும் ஆலைத் தொழிலாளர்களின் நினைவுகளைத் திரட்டி 2004-இலேயே நூலாக்கியுள்ளனர்.

அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் வீடு கோரி லட்சத்துக்கும் அதிகமான முன்னாள் ஆலைத் தொழிலாளர்களும் வாரிசுகளும் விண்ணப்பித்தனர். பெற்றவர்கள் அவர்களில் சிறு பகுதியினரே. அவர்களின் கோரிக்கையைச் சொல்லாத அருங்காட்சியகம், ஆலையைக் காட்டுமே தவிர, அதை ஓட்டியவர்களைக் காட்டாது.